எஸ்டேட் ரைட்டர்

என் வேலையின் பெயர் ரைட்டர். பொய் இல்லை. 1994-ல் கொடுத்த ஆர்டரில் அப்படித்தான் டைப் அடித்திருந்தது. மலைத் தோட்டங்களில் ரைட்டர் என்றால் செக்ரோல் எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ காப்பிப் பழம் எடுத்தார், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது என்று எழுதி வைக்கும் ஆள். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா பெருமையாக, “பையன் ரைட்டருங்க” என்றாள். மாமனார் ஆகப் போகிறவர், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். எனக்கு மனசுக்குள் மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருந்தது. பாட்டு எழுதுகிறவன். எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடவும் செய்கிறவன்.

அப்போது இதற்குப் பெயர் கிடையாது. “சும்மா பாடிக்கிட்டிருப்பான்” என்பார்கள். இப்போது இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். சுதந்திரக் கலைஞன். தினம் காலை எட்டு மணிக்கு மெஷினில் விரல் வைத்துவிட்டு ஆபீசுக்குள் போகிறவனுக்கு இந்தப் பெயரை வைத்தவர் நல்ல தமாஷ் பேர்வழியாக இருக்க வேண்டும்.

ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள். அங்கே ஏழைகளின் இளையராஜாவாக ஆகிவிடலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். உத்தியோகம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் என்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர். வரி வசூல் அவருடைய உத்தியோகம், செடி அவருடைய ஆசை. அவர் வசூலித்த வரி யாருக்கும் ஞாபகம் இல்லை. செடி இருநூறு வருஷமாக நிற்கிறது, எனக்குச் சம்பளமும் போடுகிறது. இந்தக் கதையை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

செக்ரோல் தாள் நீளமாக இருக்கும். முன்பக்கம் கோடு போட்ட கட்டங்கள், பின்பக்கம் வெறும் வெள்ளை. பட்டுவாடா முடிந்து ஆடிட்டும் முடிந்த பழைய தாள்கள் ஆபீஸ் அலமாரிக்கு மேலே கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றின் பின்பக்கம்தான் என் பாட்டு நோட்டு. நவம்பரில் பழம் எடுப்பு ஆரம்பித்தால் ஜனவரி வரை போகும். சாயங்காலம் நாலரைக்கு எடை போடும் இடத்தில் கூடைகளோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி தராசைப் பார்த்து எடையைக் கத்துவார், நான் எழுதுவேன். “பதினெட்டரை... இருபத்தொண்ணே கா...ல்... பதினாறு...” காலை நீட்டுவார், முக்காலை விழுங்குவார். முக்காலை விழுங்கியதில் தோட்டத்துக்கு லாபம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்தக் கத்தலில் ஒரு தாளம் இருந்தது. என் முதல் மெட்டு அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு நாள் பழைய தாள் என்று நினைத்து நடப்பு மாதத் தாளிலேயே எழுதிவிட்டேன். பெயர் எழுதும் பத்தியில் கடைசி ஆளுக்குக் கீழே ‘பல்லவி’, அதற்குக் கீழே ‘சரணம்’. எதிரே உள்ள கட்டங்களில் வரிக்கு எத்தனை அட்சரம் என்று 8, 8, 6 போட்டிருந்தேன். தாள் சேலத்து ஆபீசுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துக் கணக்கர் ஃபோன் செய்தார்.

“ஏம்ப்பா, இந்தப் பல்லவி யாரு, புது ஆளா? மூணு நாள்ல இருபத்திரண்டு கிலோதான் எடுத்திருக்கு. சரணமாவது பரவாயில்ல. பல்லவிய நிறுத்திரு.”

விமர்சனமாகப் பார்த்தாலும் அவர் சொன்னது சரி. என் பாட்டுகளில் பல்லவிதான் நோஞ்சான்.

இப்போது எல்லாம் எக்செல். எக்செல்லுக்குப் பின்பக்கம் கிடையாது.

1996-ல் இரண்டு பாட்டைச் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்யப் போனேன். கிவ்ஸன் கிட்டார் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றதற்கு, “மடியில வெச்சா குழந்தையா? டிக்கெட் எடுங்க” என்றார். இருபது கொண்டை ஊசி வளைவு. பக்கத்து சீட்டுக்காரர் பதினான்காவது வளைவில் ஜன்னல் சீட்டைக் கேட்டார். பதினொன்றில் கேட்கவே நேரம் இல்லாமல் போனது. கிட்டார் உறை தப்பவில்லை.

மலை இறங்கிச் சேலத்துக்குள் நுழையும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய கம்பெனி. கலைஞர் வசனம் எழுதிய ‘மந்திரிகுமாரி’ 1950-ல் இங்கிருந்து வந்தது. கண்ணதாசன் இந்தக் கம்பெனியின் பத்திரிகை வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு இதே ஊரில் இருந்தவர். ஸ்டுடியோ போய் வீடுகள் வந்துவிட்டன, வளைவு மட்டும் மிச்சம். பஸ் அதைக் கடக்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்காருவேன். அன்று வாந்தி வாடையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்டுடியோக்காரர் பாட்டைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது: “இன்ட்ரோ எங்க தம்பி? ஒரு நிமிஷமாவது வயலின் போகணும், புல்லாங்குழல் போகணும், அப்புறம்தான் நீங்க. எடுத்த எடுப்புல பாடுறதுக்கு நீங்க என்ன பூசாரியா?” வயலினும் புல்லாங்குழலும் ஒரே கீபோர்டிலிருந்து வந்தன. மணிக்கணக்குக் கட்டணம். மூன்று மணி நேரத்தில் என் ஒரு மாதச் சம்பளம் கரைந்தது. அதில் இரண்டு மணி நேரம் இன்ட்ரோவுக்கே போனது.

கையில் மாஸ்டர் கேசட் வந்துவிட்டது. இனி உலகம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. உலகத்துக்கு வழி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடை வைத்திருந்த சிநேகிதன். அந்தக் கடைகளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், டிடிகே அறுபதிலோ தொண்ணூறிலோ பதிந்து தருவார்கள். நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். பட்டியலை முடித்த பிறகு ‘பி’ சைடின் கடைசியில் மூன்று, நான்கு நிமிஷம் டேப் சும்மா மிஞ்சும். அந்த மிச்சத்தில் என் சிநேகிதன் எனக்குச் சொல்லாமலே என் பாட்டைப் பதிந்து பதிந்து அனுப்பினான். எத்தனை கேசட் என்று அவனுக்கே கணக்கில்லை. ஓமலூர், தாரமங்கலம், ஆத்தூர் வரை போயிருக்கும். ஒரு வாரம் கழித்து ஒருவர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் பதிஞ்சிருக்குங்க. கடைசியில மட்டும் யாரோ அழுவுறாங்க.”

சிநேகிதன் இலவசமாகவே அழித்துக் கொடுத்தான்.

இன்றைக்குக் கைபேசியில் நாம் கேட்ட பாட்டு முடிந்ததும், கேட்காத பாட்டு ஒன்று தானாக ஓடுகிறதே, அது இதுதான். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. என் சிநேகிதன் 1996-லேயே செய்துவிட்டான். அவனுக்கு முதலீடு திரட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் பாட்டுகளை இப்போது ஏற்றி விடுவது மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமை என் கம்பெனி நடக்கும். ஒரு பைசா ஸ்டுடியோ செலவில்லை, கேசட் செலவில்லை, பஸ்ஸில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. பாட்டு ஒரே நாளில் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. கிடைக்கிறது என்றால், தேடினால் கிடைக்கிறது. புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பழைய பாடத்தை மறக்காமல் ஒரு நிமிஷ இன்ட்ரோ வைத்திருந்தேன்.

“இன்ட்ரோவே வேணாம்ப்பா. முதல் அஞ்சு செகண்டுல பிடிக்கலன்னா தள்ளிட்டுப் போயிருவாங்க.”

“எடுத்த எடுப்புலயே பாடச் சொல்றியா கண்ணு?”

“ஆமாப்பா.”

இருபத்தெட்டு வருஷம் கழித்துப் பூசாரியானேன்.

யூடியூப்பில் இன்னொரு வசதி. கேட்டவர் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார் என்று கோடு வரைந்து காட்டுகிறது. என் பாட்டில் நாற்பத்தோராவது செகண்டில் ஒரு பள்ளம். போட்டுப் பார்த்தேன். பல்லவி இரண்டாம் தடவை வரும் இடம். சேலத்துக் கணக்கர் ஞாபகம் வந்தார்.

ஆயிரம் கணக்கும் உண்டு. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டைப் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு ராயல்டிக் கணக்கே ஆரம்பிக்காது. என் பாட்டு 871-ல் நிற்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவுக்கு எழுதினாலும் பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று அதில் வந்தது. அன்றைக்கு நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன். என் பங்கை யாராலும் பிடுங்க முடியாது. பங்கு வர வேண்டியதுதான்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்ததும் உண்டு. கேசட் வந்த கையோடு ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதினேன், வேறெதில், செக்ரோல் பின்பக்கத்தில்தான். நாலு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மனைவி துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். அதன் பிறகு எனக்கு ஒத்தாசையாக இருந்தவர்கள் எல்லாரும் உத்தியோகஸ்தர்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை தீர்ப்பும் எழுதினார், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் எழுதினார். தமிழின் முதல் நாவலையும் அவர்தான் எழுதினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் ஆறுதலுக்கு நல்லது. இன்னொருவர் அமெரிக்காவில் பில் விதர்ஸ். விமானங்களுக்குக் கழிப்பறை பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. 1971-ல் முதல் ஆல்பம் வெளிவந்தபோதும் வேலையை விடவில்லை, பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று. அந்த ஆல்பத்தின் அட்டையில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார். பாட்டு பிரமாதமாக ஓடியதும் ரெக்கார்டு கம்பெனி அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கை பரிசு கொடுத்ததாம். எனக்கு அப்படி ஏதும் வந்தால் தங்கக் காப்பிக் கூடை வர வேண்டும். கூடையில் முக்கால் கிலோ குறையும்.

ஆனால் ஒரு விஷயத்தில் வேலை எனக்குச் செய்த உதவியை எந்த ஸ்டுடியோவும் செய்யவில்லை. எங்கள் குடோன். பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்து, பார்ச்மெண்டாகச் சாக்கில் பிடித்து அடுக்குவார்கள். ஜனவரி கடைசியில் கூரை வரைக்கும் மூட்டை நிற்கும். அந்த மூட்டைச் சந்தில் உட்கார்ந்து பாடினால் எதிரொலியே வராது. சொன்ன சொல் சொன்ன இடத்தில் விழும். பட்டணத்து ஸ்டுடியோக்களில் சுவருக்கு ஒட்டும் பஞ்சுப் பலகைக்கு ஆகும் செலவைக் கேட்டேன். எங்கள் முதலாளி எனக்காக ஒவ்வொரு வருஷமும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சரக்கை அடுக்கி வைத்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். மூட்டை போய்விட்டால் குடோன் கிணறு மாதிரி ஆகிவிடும். ஆகவே என் பதிவுக் காலம் வருஷத்தில் இரண்டு மாதம். மார்ச்சில் பூ மழை விழுந்து செடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மலையே மல்லிகை வாசம் அடிக்கும்போது கவிதை நன்றாக வரும். அதைப் பதிய மறு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. ஊரே சந்தோஷப்பட்டது. முதலாளி விலை இறங்குவதற்குள் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் லாரி ஏற்றிவிட்டார். நான் பாதிப் பாட்டில் இருந்தேன். மீதியை வெறும் குடோனில் பாடினேன். முதல் சரணம் காதோரம், இரண்டாம் சரணம் கிணற்றுக்குள். வெட்கத்தோடு மகளிடம் அனுப்பினேன். “என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டாங்கப்பா. செகண்ட் ஹாஃப்ல அந்த ரிவெர்ப் வருதே, செமயாம். எந்த ப்ளக்இன்னு கேக்குறாங்க.” அரபிகா என்று சொல்லச் சொன்னேன்.

வாரக் கடைசியில் ஒரு ரிசார்ட்டில் பாடுகிறேன். மைதானத்தில் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள், சுற்றிலும் நாற்காலி, நடுவில் நான். அந்தக் காலத்தில் ஆடி மாதத் திருவிழாக்களில் கீழே மெல்லிசைக் குழுவோடு போவேன். சொந்தப் பாட்டு ஒன்று பாடட்டுமா என்று கேட்டால், குழுத் தலைவர் பெரிய மனசு பண்ணி, “பாடு. ஜெனரேட்டர் மாத்துறப்ப பாடு” என்பார். இருட்டில், மைக் இல்லாமல், முன்வரிசைக் குழந்தைகளுக்கு மட்டும் கேட்கும்படி பாடியிருக்கிறேன். இப்போது மைக் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயசுக்காரனை ப்ரோ என்கிறார்கள். போன மாதம் ஒரு பையனிடம், “ஒரு ஒரிஜினல் பாடவா?” என்றேன்.

“ஒரிஜினல்னா? கரோக்கி இல்லாமயா ப்ரோ?”

முன்பெல்லாம் இதற்குச் சொல்ல ஒரு சாக்கு இருந்தது. தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டுக்கு இடமில்லை என்போம். அதுவும் முழு உண்மையில்லை. ‘சின்ன மாமியே’வும் ‘சுராங்கனி’யும் இலங்கையிலிருந்து வந்து எங்கள் ஊர்க் கல்யாண மைக் செட்டுகளில் பாடியவைதான். பிறகு 2018-ல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியது. 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்து, எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பையன்கள்கூட அர்த்தம் தெரியாமல் பாடினார்கள். சினிமாவுக்கு வெளியே கதவு மூடியிருந்தது என்று இனிச் சொல்ல முடியாது. பல்லவி சரியில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

என் ஹிட் பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.

கேசட் கடைக்காரன் கேசட் போன பிறகு சிடி, சிடி போன பிறகு ரீசார்ஜ், அதன் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் என்று வந்து, இப்போது மைக் செட்டும் அறிவிப்புப் பதிவும் செய்கிறான். மூன்று வருஷம் முன்பு மலைக்குக் கீழே ஒரு ஊராட்சியில், எது என்று வேண்டாம், குப்பை வண்டிக்கு ஒரு பாட்டு கேட்டார்கள். என்னிடம் வந்தான். குடோனில் மூட்டை நிறைந்திருந்த சமயம். இருபது நிமிஷத்தில் எழுதி, அன்று ராத்திரியே பாடினேன். ‘பச்சைக் கூடை பச்சைக் கூடை, பழத்தோல் எல்லாம் உனக்கு, நீலக் கூடை நீலக் கூடை, நெகிழி எல்லாம் உனக்கு.’ இன்ட்ரோ கிடையாது. மெட்டு வேறெதுவும் இல்லை, பழைய எடை மேடையில் மேஸ்திரி கத்தியதுதான். பல்லவி மட்டுமே இருப்பதால் சரணத்தோடு ஒப்பிட ஆளில்லை. சன்மானமாக ஒரு சால்வையும் அரைக் கிலோ மிக்சரும் கொடுத்தார்கள். பணத்துக்கு பில் போட்டிருக்கிறோம், இன்னும் பாஸ் ஆகவில்லை.

அந்தப் பாட்டு தினம் காலையில் அந்த ஊரின் எல்லாத் தெருவிலும் ஓடுகிறது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ஆட்டம் கட்டியிருக்கிறார்கள். 871 என்ன, அதன் கணக்கை எந்த யூடியூப்பும் எடுக்க முடியாது. நாற்பத்தோராவது செகண்டில் யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை, போனால் குப்பை வீட்டிலேயே தங்கிவிடும்.

போன பொங்கல் லீவில் அந்த ஊருக்குப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். வண்டி திரும்பும் முன்னால் என் குரல் திரும்பியது. எதிர்வீட்டிலிருந்து ஒரு பாட்டியம்மா இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு, வாய்க்குள்ளேயே அந்த மெட்டை முனகியபடி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய், “ஆயா, இந்தப் பாட்டு நான் பாடினதுங்க” என்றேன்.

கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படியா சாமி? அப்ப அந்த வண்டிய ஒரு அரை மணி நேரம் முன்னால வரச் சொல்லு. நான் களையெடுக்கப் போகணும்.”

சொல்லிப் பார்த்தேன். வண்டி இப்போதும் ஏழே காலுக்குத்தான் வருகிறது.